சம்பளத்தைச் சொல்லுங்கள், சிஸ்டர்

கருங்குழி, படாளம், மதுராந்தகம், மேல்மருவத்தூர், அச்சிறுப்பாக்கம் பக்கமிருந்து நர்சிங் படித்து வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகளே,

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். நர்சிங் படித்து முடிக்க உங்கள் வீட்டில் மொத்தம் எவ்வளவு செலவானது? முதல் சம்பளமாகக் கையில் எவ்வளவு வாங்கினீர்கள்? இன்று எவ்வளவு வாங்குகிறீர்கள்? இந்த மூன்று தொகையையும் நீங்கள் படித்த கல்லூரியின் பெயரோடு சேர்த்து ஊருக்குச் சொல்ல வேண்டும். இதுவரை நீங்கள் சொன்னதில்லை. பொங்கலுக்கு வருகிறீர்கள், வழியில் பார்க்கிறோம், "எப்படிம்மா இருக்கே" என்றால் "நல்லா இருக்கேன் சார்" என்கிறீர்கள். அந்தப் பதிலை நம்பி உங்களுக்குப் பின்னால் எத்தனை வீட்டில் நகை அடகுக்குப் போயிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்குத் தெரியும். விண்ணப்பம் நிரப்ப என்னிடம்தான் வருகிறார்கள்.

பிளஸ் டூ ரிசல்ட் வருகிற மே மாதத்தில் நம் பக்கம் நடப்பதை நீங்கள் நின்று பார்க்க வேண்டும். ஜி.எஸ்.டி. சாலை நெடுக விளம்பரப் பலகைகள். நூறு சதவீத வேலை உத்தரவாதம், வெளிநாட்டு வாய்ப்பு, ஹாஸ்டல் வசதி. ரிசல்ட் வந்த அன்றே, சில வீட்டில் அதற்கு முன்பே, யாரோ போன் செய்கிறார்கள். பிள்ளையின் பெயரும் அப்பாவின் நம்பரும் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தன என்று யாரும் கேட்பதில்லை. "இன்னைக்கே அட்வான்ஸ் கட்டி சீட்டைப் பிடிச்சிடுங்க, நாளைக்கு இருக்காது" என்கிறார்கள். ஏரிப் பாசனத்தில் ஒரு ஏக்கர் நெல் போடுகிறவரும், மகேந்திரா சிட்டிக்கு ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போகிற அம்மாவும்தான் அந்தப் போனை எடுக்கிறார்கள். கல்லூரியைப் போய்ப் பார்த்தால் கட்டடம் தெரிகிறது. கட்டணம் கேட்டால் முதல் வருடத்துத் தொகையைச் சொல்கிறார்கள். படித்து முடித்தவர்கள் என்ன சம்பாதிக்கிறார்கள் என்று கேட்டால் ஒரு படத்தைக் காட்டுகிறார்கள், பணி ஆணையோடு வரிசையாக நிற்கும் பெண்களின் படம். ஆணையில் இருக்கும் தொகை படத்தில் தெரியாது.

வேறு எங்காவது தெரியுமா என்றால் அதுவும் இல்லை. மத்திய அரசு வருடந்தோறும் வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் பொறியியலுக்கு, மருத்துவத்துக்கு, பல் மருத்துவத்துக்கு, பார்மசிக்கு, சட்டத்துக்கு என்று தனித்தனிப் பட்டியல் உண்டு. நர்சிங்குக்கு இல்லை. பொறியியல் கல்லூரிக்காரர்கள் அந்தத் தரவரிசைக்காக, வேலை கிடைத்த மாணவர்களின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்று எழுதிக் கொடுத்தாக வேண்டும். கேட்டால் பார்க்கலாம். அமெரிக்காவில் காலேஜ் ஸ்கோர்கார்டு என்று அரசாங்கமே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஒரு கல்லூரியில் சேர்ந்தால் எவ்வளவு செலவு, எவ்வளவு கடன் மிஞ்சும், படித்தவர்கள் பிறகு எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்று ஒரே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பக்கத்து ஊரில் வாழைத்தார் என்ன விலை என்று விசாரிக்காமல் தாரை வெட்டாத நம் ஊர்க்காரர்கள், நான்கு வருடப் படிப்பை மட்டும் விலை விசாரிக்காமல் வாங்குகிறார்கள். விசாரித்தால் சொல்லக்கூடியவர்கள் நீங்கள் மட்டும்தான். நீங்களோ வாய் திறப்பதில்லை.

கட்டணத்தில் இருக்கிற ஏற்றத்தாழ்வை எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி 1965ல் தொடங்கியது. கருங்குழியிலிருந்து ரயிலேறினால் சீக்கிரம் போய்விடலாம். அங்கேயே அரசு நர்சிங் படிப்பு இருக்கிறது. அரசுக் கல்லூரியில் வருடக் கட்டணம் சில ஆயிரம்தான். அரசு நர்சிங் பள்ளியில் மூன்று வருட டிப்ளமோ படிப்பவர்களுக்கு மாதாமாதம் அரசே உதவித்தொகை தருகிறது. அடுத்த படி, தனியார் கல்லூரிகளில் உள்ள அரசு ஒதுக்கீட்டு இடம். மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு பிளஸ் டூ மதிப்பெண்ணைப் பார்த்துக் கலந்தாய்வில் கொடுப்பது. கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் மேனேஜ்மென்ட் சீட். அதற்கும் அப்பால் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், அவை தங்கள் கட்டணத்தைத் தாங்களே வைத்துக்கொள்கின்றன. மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி, காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்., கேளம்பாக்கம் செட்டிநாடு என்று நம்மைச் சுற்றியே எல்லா வகையும் இருக்கிறது. எது நல்லது, எது கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. எங்கே படித்தாலும் கடைசியில் பதிவு செய்வது அதே தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில்தான். ஆர்.என்.ஆர்.எம். என்று வருகிற எழுத்தும் அதேதான். உங்களில் சிலர் என்னிடம் தனியாகச் சொன்னதும் இதுதான்: சில ஆயிரத்தில் படித்தவளும் ஐந்தாறு லட்சத்தில் படித்தவளும் அதே வார்டில், அதே நைட் டூட்டியில், அதே சம்பளத்துக்கு நிற்கிறார்கள். இது பொதுவாக உண்மையா, சில இடத்தில் மட்டுமா? உங்களுக்குத் தெரியும். பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தெரியாது.

அந்தப் பிள்ளைக்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது. ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்கும் எஸ்.சி., எஸ்.டி. குடும்பத்துப் பிள்ளைக்குக் கலந்தாய்வு வழியாக இடம் கிடைத்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கல்லூரிக் கட்டணத்தை ஏற்கும். மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்ந்தால் எஸ்.சி. மாணவர்களுக்கு அது கிடையாது. 2018ல் மத்திய அரசு விதியை மாற்றிவிட்டது. கலந்தாய்வு முடியும்வரை காத்திருக்க விடாமல் மே மாதத்திலேயே ஏஜென்ட் அவசரப்படுத்துவது யாருக்கு லாபம் என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். காத்திருந்தால் கட்டணமே இல்லாமல் படித்திருக்கக்கூடிய பிள்ளை, அட்வான்ஸ் போய்விடுமே என்று பயந்து கடன்காரியாகிறாள். உங்களில் யாருக்கெல்லாம் இப்படி ஆனது? கையைத் தூக்கச் சொன்னால் நிறையக் கைகள் எழும் என்று நினைக்கிறேன்.

கடன் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். வருடத்துக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம் வங்கிக் கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி பத்து சதவீதம். படிக்கிற நான்கு வருடமும் அதற்கப்புறம் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். ஆனால் வட்டி நிற்காது. முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி, இரண்டாவதற்கு நான்கு, மூன்றாவதற்கு மூன்று, கடைசி லட்சத்துக்கு இரண்டு. கூட்டினால் 1,40,000 ரூபாய். ஆக, தவணை தொடங்கும் அன்று கடன் 5,40,000. அதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் ஏறக்குறைய 7,100 ரூபாய். வட்டி மானியம் கிடைத்தால் கொஞ்சம் குறையும். முதல் வேலையில் கையில் 15,000 வருகிறது என்றால் பாதிக்குப் பாதி வங்கிக்கே போய்விடும். மிச்சத்தில் பெருங்களத்தூரிலோ போரூரிலோ ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு, போகவர பஸ். வீட்டுக்கு என்ன அனுப்புவாள்? அதே பதினெட்டு வயதில் ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போன பக்கத்து வீட்டுப் பெண் ஒரு பைசா கடன் இல்லாமல் அந்த நான்கு வருடமும் சம்பாதித்திருப்பாள். நர்சிங் வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பத்து வருடம் கழித்து எந்தப் பெண் முன்னால் இருப்பாள் என்பது நர்சிங் போனவள் எந்தக் கட்டணத்தில் படித்தாள் என்பதைப் பொறுத்தது. அதைக் கணக்குப் போட உங்கள் எண்கள் வேண்டும்.

அறிவிப்புப் பலகையில் இருக்கும் கட்டணம் முழுக் கட்டணம் இல்லை என்பதும் உங்களுக்குத்தான் தெரியும். உள்ளூர்ப் பெண்ணாக இருந்தாலும் ஹாஸ்டலில் தங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம், யூனிபார்ம், ஷூ, லேம்ப் லைட்டிங் விழாவுக்குத் தனி வசூல், ரெக்கார்டு நோட்டு, மருத்துவமனை போஸ்டிங்குக்குப் பஸ் கட்டணம், தேர்வுக் கட்டணம், லீவு போட்டால் ஃபைன். சிலர் மருத்துவமனையே சரியாக இல்லாத கல்லூரியில் படித்தீர்கள். நூறு படுக்கையுள்ள தாய் மருத்துவமனை வேண்டும், ஒரு மாணவிக்கு மூன்று நோயாளி இருக்க வேண்டும் என்று இந்திய நர்சிங் கவுன்சில் சொல்கிறது. நோயாளியே இல்லாத வார்டில் நின்று கேஸ் ஸ்டடியைப் பார்த்து எழுதிய கதையை நீங்கள் சிரித்துக்கொண்டே சொல்லக் கேட்டிருக்கிறேன். வேலைக்குப் போன முதல் மாதம் ஐ.வி. லைன் போடக் கை நடுங்கியது என்றும் சொன்னீர்கள். அதுவும் படிப்பின் விலைதான், ரூபாயில் எழுத முடியாத விலை. படிப்பை முடித்த பிறகு அதே நிர்வாகத்தின் மருத்துவமனையில் இத்தனை வருடம் வேலை பார்த்தால்தான் ஒரிஜினல் சர்டிபிகேட் தருவோம் என்று மடக்கப்பட்டவர்களும் உங்களில் உண்டு. சான்றிதழ்களை நிறுத்திவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018ல் அறிவிப்பே கொடுத்திருக்கிறது. எந்தக் கல்லூரி இன்னும் நிறுத்திவைக்கிறது என்பதை ஊரில் யாருக்கும் சொல்லாமல், அப்பாவை அழைத்துப்போய்க் கெஞ்சி வாங்கி வந்தீர்கள். அடுத்த வருடம் அதே கல்லூரியில் உங்கள் தெருப் பெண் சேர்ந்தாள்.

அரசு வேலை கிடைத்துவிடும் என்று நம்பித்தான் பல வீட்டில் கடன் வாங்குகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015ல் தேர்வு வைத்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை எடுத்தது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற நம்பிக்கையில் சேர்ந்தவர்கள் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். பிறகு அது 14,000 ஆனது, 18,000 ஆனது. நிரந்தரம் தவணை தவணையாக வந்தது, பலருக்கு வரவே இல்லை. கொரோனாவில் எடுத்த ஒப்பந்த நர்சுகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு போகச் சொன்னார்கள். கை தட்டிய தேசம்தான். இன்னொரு பக்கம், எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வில் தேறினால் அடிப்படைச் சம்பளமே 44,900, அதன்மேல் படிகள். பி.எஸ்சி. முடித்தவர் நேரடியாக எழுதலாம். டிப்ளமோக்காரர் ஐம்பது படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும். டிப்ளமோவா டிகிரியா என்று தவிக்கிற பிள்ளைக்கு இந்த ஒரு வித்தியாசத்தைச் சொன்னாலே பாதி குழப்பம் தீரும். உங்களில் யாராவது அந்தத் தேர்வு எழுதித் தேறியிருந்தால் தயவுசெய்து எந்தக் கல்லூரி, எப்படிப் படித்தீர்கள் என்று எழுதுங்கள். ஆண் பிள்ளைகளும் எழுதுங்கள். அங்கே நூற்றுக்கு இருபது இடம்தான் உங்களுக்கு என்பது பல பெற்றோருக்குத் தெரியாது.

தனியார் மருத்துவமனைச் சம்பளத்துக்கு வருவோம். நர்சுகளின் வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதால் மத்திய அரசு ஒரு குழு போட்டது. இருநூறு படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனை, மாநில அரசு நர்சுக்குத் தரும் சம்பளத்தையே தர வேண்டும். நூறு முதல் இருநூறு வரை என்றால் அதைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. ஐம்பது முதல் நூறு என்றால் இருபத்தைந்து சதவீதம். ஐம்பதுக்கும் கீழே இருந்தாலும் 20,000க்குக் குறையக் கூடாது. இது அந்தக் குழுவின் பரிந்துரை. கேரளத்து நர்சுகள் சங்கம் கட்டிப் போராடி 2018ல் 20,000 குறைந்தபட்சச் சம்பளத்தை அரசாணையாகவே வாங்கினார்கள். நம் பக்கம் அந்தப் பரிந்துரை தாளிலேயே கிடக்கிறது. அதனால்தான் உங்கள் மருத்துவமனையின் பெயர்கூட எனக்கு வேண்டாம், எத்தனை படுக்கை என்று மட்டும் எழுதுங்கள் என்கிறேன். படுக்கையையும் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், யார் எவ்வளவு குறைத்துத் தருகிறார்கள் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

வெளிநாட்டுக்குப் போனவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வீடு எழும்புவதைப் பார்த்துத்தான் ஊரில் பாதிப் பேர் நர்சிங்குக்கு வருகிறார்கள். இங்கிலாந்து அரசு மருத்துவமனையில் புதிய நர்சின் ஆண்டுச் சம்பளம் 2025-26 கணக்கில் 31,049 பவுண்டு என்றால் இங்கே அதை ரூபாயாக்கி வாயைப் பிளக்கிறார்கள். வாடகை, வரி, ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வை எத்தனை முறை எழுதினீர்கள், போவதற்கு முன் இங்கே எத்தனை வருடம் குறைந்த சம்பளத்தில் அனுபவச் சான்றுக்காக நின்றீர்கள், எதையும் சொல்வதில்லை. வளைகுடாவுக்குப் போக ஏஜென்டிடம் லட்சங்கள் கொடுத்தவர்கள் அதை வெளியில் சொல்ல வெட்கப்படுகிறீர்கள். 1978 முதல் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. குவைத், சவுதி போன்ற நாடுகளுக்கு நர்சுகளை அரசு ஏஜென்சி வழியாகத்தான் எடுக்க வேண்டும் என்று 2015ல் உத்தரவே வந்தது. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கலாம் என்று சட்டம் அனுமதிக்கும் தொகை ஜி.எஸ்.டி.யோடு 35,400 ரூபாய். நீங்கள் கொடுத்தது எவ்வளவு?

இன்னொரு கூட்டமும் உங்கள் பக்கத்தில் நிற்கிறது. மாடியில் நான்கு அறை எடுத்து, வெள்ளைக் கோட்டு போட்டு, ஒரு வருட 'நர்சிங்' சொல்லிக்கொடுக்கும் இடங்களில் படித்த பிள்ளைகள். ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. என்று அங்கீகாரம் பெற்ற படிப்பு இல்லாமல் கவுன்சிலில் பதிவு கிடையாது. பதிவு இல்லாமல் அரசுத் தேர்வும் இல்லை, வெளிநாடும் இல்லை. அந்தப் பிள்ளைகள் உங்களோடு அதே வார்டில் உங்கள் சம்பளத்தில் பாதிக்கு நின்றுகொண்டு, ஊரில் 'நர்சாக இருக்கிறேன்' என்கிறார்கள். அவர்களைக் காட்டிக்கொடுக்கச் சொல்லவில்லை. அந்தப் படிப்பில் பதிவு கிடைக்காது என்பதை அவர்களுடைய தங்கைகளிடமாவது சொல்லுங்கள்.

கோபமாகவும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களில் சிலர் படித்த கல்லூரிக்கே ஆள் பிடிக்கிறீர்கள். ஒரு சீட்டுக்கு இவ்வளவு என்று கமிஷன். உறவுக்காரப் பெண்ணிடம் "நான் படிச்ச காலேஜ்தான், சூப்பரா இருக்கும்" என்று சொல்லிச் சேர்த்துவிட்டு, அந்தப் பணத்தில் உங்கள் கடனின் இரண்டு தவணையைக் கட்டுகிறீர்கள். உங்கள் நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் உங்களை ஏமாற்றிய அதே வாக்கியத்தை உங்கள் வாயாலேயே இன்னொருத்திக்குச் சொல்வது சரியில்லை. நிறுத்துங்கள்.

மற்றவர்கள் ஏன் சொல்வதில்லை என்று யோசித்துப் பார்த்தேன். இத்தனை செலவு செய்து படித்துவிட்டு இவ்வளவுதானா என்று ஊர் கேட்கும் என்ற கூச்சம். வரன் பார்க்கும் நேரத்தில் சம்பளம் குறைவாகத் தெரியக் கூடாது என்று அம்மா சொல்லியிருப்பார். மருத்துவமனையில் சம்பள விவரத்தை வெளியில் பேசக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருப்பார்கள். கூச்சப்பட வேண்டியவர்கள் நீங்களா? எட்டு மணி நேரத்தைப் பன்னிரண்டாக்கி, முப்பது நோயாளியை ஒருத்தியிடம் விட்டு, மே 12 அன்று ரோஜாப்பூவும் கேக்கும் கொடுத்து 'வெள்ளுடை தேவதைகள்' என்று பேசுகிறவர்களா? சேவைக்குக் கணக்குப் பார்க்கலாமா என்று உங்களைக் கேட்பவர்களிடம் நைட்டிங்கேல் அம்மையாரைப் பற்றி ஒன்று சொல்லுங்கள். அவர் பெயரில் 1860ல் லண்டனில் தொடங்கிய பள்ளியில் மாணவிகளுக்குத் தங்குமிடமும் சாப்பாடும் உடையும் கொடுத்து, அதற்கு மேல் வருடத்துக்குப் பத்து பவுண்டு கையிலும் கொடுத்தார்கள். வார்டில் வேலை செய்துகொண்டே படிப்பவளுக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அங்கே தொடக்கத்தில் இருந்த வழக்கம், அவளிடம் வாங்குவதில்லை. அந்த அம்மையார் கணக்குப் பார்க்கிறவர். கிரிமியப் போரில் எத்தனை சிப்பாய் காயத்தால் செத்தான், எத்தனை பேர் அழுக்கால் செத்தார்கள் என்று எண்ணி வரைபடம் போட்டுத்தான் அரசாங்கத்தை அசைத்தார்.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஒரு தாளில் எழுதுங்கள்: கல்லூரியின் பெயர், சேர்ந்த வருடம், கலந்தாய்வா மேனேஜ்மென்டா, டிப்ளமோவா டிகிரியா, ஹாஸ்டல் முதல் ஃபைன் வரை மொத்தச் செலவு, அதில் கடன் எவ்வளவு, பதிவும் ஒரிஜினலும் கைக்கு வர எத்தனை மாதம் ஆனது, முதல் வேலையில் பி.எஃப். பிடித்தது போகக் கையில் வந்தது, இப்போது வருவது, மருத்துவமனையில் எத்தனை படுக்கை. உங்கள் பெயர் வேண்டாம், தெரு வேண்டாம், மருத்துவமனையின் பெயரும் வேண்டாம். நீங்கள் பிளஸ் டூ படித்த பள்ளியின் தலைமையாசிரியருக்கு அனுப்பினால் போதும். ஊர்க்காரப் பிள்ளைகள் முப்பது பேர் எழுதினாலே கல்லூரி வாரியாக ஒரு பட்டியல் போட்டுவிடலாம். அதைச் சுவரில் ஒட்டும் வேலையை நானும் என்னோடு ஓய்வு பெற்றவர்களும் பார்த்துக்கொள்கிறோம். நல்ல சம்பளம் வாங்குகிறவர்களும் கட்டாயம் எழுத வேண்டும், குறைந்த செலவில் படித்து நன்றாக இருப்பவள் எந்தக் கல்லூரி என்று தெரிவதுதான் அதைவிட முக்கியம். தப்பான கல்லூரி என்று தெரிந்தும் வேறு வழியில்லாமல் சேர்கிறவர்கள் சேரட்டும். தெரியாமல் யாரும் சேரக் கூடாது.

பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வந்துவிடும். ஏஜென்ட்டின் போன் அதற்கு முன்பே வந்துவிடும். உங்கள் தாள் ஏப்ரல் மாதத்துக்குள் பள்ளிக்கு வந்து சேர வேண்டும்.